இது தெளிவா, அது தெளிவா?

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவருக்கு வாயில் ஒரே கேள்விதான். வந்தவர் மூக்கில் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துச்சா?" என்பார். ஒரு பதில் வந்தால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டார். மாற்றிப் போட்டு மறுபடி கேட்பார். நன்றாகத் தெரிகிறது என்று உள்ளே போனவர்கள்கூடத் தங்கள் கண்ணையே நம்பாமல் வெளியே வருவார்கள். தெருவில் அவருக்கு 'இதுவா அதுவா' என்றே பெயர். தங்கமான மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் செருப்பு வாங்க அவரோடு போனால் நம் செருப்பு தேய்ந்துவிடும்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தால் என்ன ஆகும்? படம் பார்க்கத்தான் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் ஒரு படத்தை முழுசாகப் பார்த்ததில்லை. எந்த சாஃப்ட்வேரில் ஓட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்ப்பதிலேயே பொழுது போனது. ஒன்றில் நிறம் அழகு, ஆனால் வாயசைந்து முடிந்த பிறகுதான் பேச்சு வந்து சேரும். இன்னொன்றில் பேச்சு சரி, முகங்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை. இரண்டையும் சேர்த்துப் போட்டால், எந்தப் படத்தைத் தொட்டாலும் நான்தான் திறப்பேன், நீ யார் கேட்க என்று இரண்டும் மல்லுக்கு நின்றன. ஒரே உறையில் இரண்டு கத்தி.

டிஸ்க் எரிக்கிற, அதாவது படத்தை டிஸ்க்கில் பதிக்கிற சாஃப்ட்வேர் இன்னும் மோசம். இலவசம் என்று இறக்கினால் ஒன்று படத்தின் நட்டநடுவே தன் பெயரை முத்திரை குத்தியது. மற்றொன்று முக்கால்வாசிக்கு மேல் சமர்த்தாகப் போய், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது. பாழாய்ப்போன டிஸ்க்குகளை அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக்கொண்டு போனார். அவர் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் வரிசையாக அடுக்கி, பிள்ளைகளை நடுவில் வளைந்து வளைந்து ஓடச் சொன்னார். இதற்காவது பிரயோஜனப்பட்டதே என்று டீச்சருக்கு ஒரு திருப்தி.

டீச்சருக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன், மரக்கடைக்காரர். தான் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்தக் கண்ணாடிக் கடை ஆளைத் தங்கச்சி கட்டிக்கொண்டாள் என்று அவருக்குக் கோபம். கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் போக்குவரத்தும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. தங்கச்சி வீட்டுக்காரரை 'அந்த ஆள்' என்பதோடு சரி.

அந்த அண்ணன் ஒருநாள் போன் செய்தார். இந்தப் பக்கம் வேலையிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் தயங்கி, உன் கல்யாண வீடியோ இருந்தால் பார்க்கணும் என்றும் சொன்னார். டீச்சருக்கு மகிழ்ச்சி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தையே விசிலால் அடக்குகிறவர், வாண்ணா, வாண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வீடியோ தடங்கலில்லாமல் ஓட வேண்டும், போகும்போது அண்ணன் கையில் ஒரு டிஸ்க் கொடுத்தனுப்ப வேண்டும், இதில் ஏதாவது சொதப்பினால் அவர் மறுபடி இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். எது நல்லது என்று தான் இன்னும் முடிவு செய்யவில்லையே என்று இவர் தலையைச் சொறிந்தார்.

"நானும் அன்னைக்கு இதுவா அதுவான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா, நீங்க இன்னும் தனியாத்தான் சமைச்சு சாப்பிட்டுட்டு இருப்பீங்க," என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். சாப்பிட்டார். தங்கச்சியிடம் நாலு வார்த்தை பேசினார். டீச்சர் டீ போட உள்ளே போனதும், கம்ப்யூட்டருக்கு முன்னால் இந்த இரண்டு ஆண்களும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் வீடியோவை ஓட்டினார். ஒரு நிமிஷம் ஓடியது. கை சும்மா இருக்குமா? மூடிவிட்டு, அதே நிமிஷத்தை அடுத்த சாஃப்ட்வேரில் ஓட்டினார். வாய் தன்னால் கேட்டுவிட்டது, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துச்சா?"

அட பாவி மனுஷா, இதைக் கேட்கிற நேரமா இது?

அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். இத்தனை நாளில் தன் கேள்வியை மதிக்கிற ஒரு மனுஷன் கிடைத்தாரே என்று இவர் குஷியாக இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாப்ள," என்றார். "இதுலயும் அவ வாசலைத்தான் பாக்குறா. அதுலயும் வாசலைத்தான் பாக்குறா."

கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தார். மேடையில் புதுப்பெண். யார் யாரோ ஏறி வந்து வாழ்த்துகிறார்கள், அவளும் சிரிக்கிறாள், ஆனால் கண் மட்டும் மண்டப வாசலுக்குப் போய்ப் போய் வருகிறது. இந்த ஒரு நிமிஷத்தை அவர் எத்தனை தடவை ஓட்டியிருப்பார்! பூவின் சிவப்பு சரியா, மூக்கின் ஓரம் மங்குகிறதா என்றெல்லாம் பார்த்தார். கட்டினவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டீச்சர் டீயோடு பின்னால் நின்றிருந்தார். "பஸ்ஸு லேட்டு போலன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேண்ணா," என்றார்.

அண்ணன் டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதார். டீச்சரும் அழுதார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார்.

அப்புறம் அண்ணன் கிளம்ப நேரமாகிவிட்டது. மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று டிஸ்க்கைக் கேட்டார். இவர் கைக்கு வந்த சாஃப்ட்வேரைத் திறந்து, எதையும் ஒப்பிடாமல், அவசர அவசரமாக எரித்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. டிஸ்க் அண்ணன் வீட்டு டிவியில் ஓடவில்லையாம். வரும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வந்தே பார்க்கட்டுமா என்று கேட்டார். கண்ணாடிக்காரருக்குத் தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. டிவியில் ஓடுகிற மாதிரி எரிக்காமல், கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கிற மாதிரி எரித்திருக்கிறார். போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம், சுலபமான வேலைதான், வேறொன்று சரியாக எரித்து நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார்.

"ஒண்ணும் எரிக்க வேணாம்," என்றார் டீச்சர். "வரட்டும்."