கம்பியில்லாத டிரம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் நடந்ததைச் சொன்னதும், "அது வெறும் அதிர்வு சார், சயின்ஸ்" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. ஷிஃப்ட் போக மிச்ச நேரமெல்லாம் பழைய டிரம்களைப் பிரித்து, துலக்கி, சுருதி சேர்க்கிறவன் நான். எனக்கா அதிர்வு தெரியாது?

ஸ்நேர் என்று ஒரு டிரம் உண்டு. அதன் அடித்தோலை ஒட்டி மெல்லிய சுருள் கம்பிகள் பட்டையாக ஓடும். பக்கத்தில் யாராவது சத்தமாகப் பேசினாலோ லாரி போனாலோ அந்தக் கம்பி தானாகவே 'சர்ர்' என்று முனகும். எல்லா ஸ்நேரும் செய்கிற வேலைதான். இதை நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து தாஸ் என்று ஒருவன் ஒரு பித்தளை ஸ்நேரைக் கொண்டுவந்தான். அந்தக் காலத்து உருப்படி. பச்சைக் களிம்பு பூத்து, வளையம் நெளிந்து, தோல் கிழிந்து கிடந்தது.

"எங்க அண்ணன் அந்தோணிதுங்க. கல்யாணம், சர்ச்சுன்னு வாசிச்சிகினு இருந்தான். சாவறதுக்கு முன்னால எனக்குத்தான்னு குடுத்துட்டுப் போனான். ரெடி பண்ணிக் குடுங்க, பெங்களூர்ல ஒருத்தர் கேட்டுகினு இருக்காரு" என்றான்.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் என் வீடு. மாடியில் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. வளையத்தை நிமிர்த்தி, பித்தளையைத் துலக்கி, இரண்டு பக்கமும் புதுத் தோல் போட்டேன். எதிரெதிர் திருகுகளாகப் பார்த்து முறுக்கி, ஓரத்தில் தட்டித் தட்டிக் கேட்டு, எல்லா இடமும் ஒரே நாதம் பேசும்வரை விடவில்லை. அருமையாக வந்தது.

அப்புறம் தாஸ் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். அவன் "என்னாங்க, ஆச்சா?" என்றதுமே மேஜையின் அந்தக் கோடியிலிருந்து டிரம் சர்ர் என்றது. சரி, கம்பிதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் பேசினால் சத்தமில்லை. என் மனைவி கத்தினால் சத்தமில்லை. பாட்டை அலறவிட்டும் பார்த்தேன், ம்ஹூம். தாஸ் போன் செய்தால் மட்டும் சர்ர்.

எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் வேலையில் எங்கோ பிசகு என்று நினைத்தேன். கம்பியை மொத்தமாகக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினேன். மறுபடி தாஸ் கூப்பிட்டான். நம்பினால் நம்புங்கள், ஆணியில் இருந்த கம்பி அசையவில்லை. டிரம்தான் சீறியது, அதுவும் முன்னைவிட அதிகமாக.

அவன் வாங்கிப்போக வந்த அன்று மின்வாரியம் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தது. சுற்றிலும் எந்தக் கம்பெனி ஷெட்டிலும் தகடு அடிக்கிற பிரஸ் ஓடவில்லை. தரை அதிரவில்லை, ஃபேன்கூடச் சுற்றவில்லை. அவன் இன்னும் உட்காரவில்லை, அதற்குள் கம்பெனி யூனிஃபார்மோடு ஒரு பெண் படியேறி வந்தார். ரோஸ்லின், அந்தோணியின் மனைவி. நான் ஸ்டேட்டஸில் வைத்த டிரம் படத்தை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"அண்ணி, நீங்க எங்க இங்க..." என்று தாஸ் திரும்பினான். டிரம் சர்ர் என்றது.

"அவரு ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப, துணி எடுத்தாரேன்னு என்கிட்ட வீட்டுச் சாவி வாங்கினியே, ஞாபகம் இருக்குதா? துணியா எடுத்தே நீ? டிரம் காணோம்னு தெரிஞ்ச அன்னிக்கிலிருந்து அந்த மனுசன் கஞ்சிகூடக் குடிக்கல. 'எம் பொருளு எங்கடா, எம் பொருளு எங்கடா'ன்னு கேட்டுகினே செத்தாருடா!"

அவர் இவ்வளவு கத்தியும் டிரம் ஊமையாக இருந்தது. சாகக் கிடக்கிறவனிடமிருந்து எடுத்து வந்ததையா இத்தனை நாள் நான் பார்த்துப் பார்த்துத் துலக்கினேன்?

"அவனேதான் குடுத்தான்!" என்று தாஸ் கத்தினான்.

அப்போது வந்த சத்தத்தை என்னவென்று சொல்ல. இரண்டு குச்சியாலும் ஆள் நின்று வெறியோடு உருட்டுவதுபோல டிரம் அலறியது, தகரக் கூரை கடகடத்தது. தாஸ் அதை அமுக்கக் கையை வைத்தான். சுட்டதுபோல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, டிரம்மை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். சத்தம் உடனே நின்றது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மஞ்சுளம்மா எட்டிப் பார்த்து, "ஏனாயித்து? யாருங்க அது, அப்டி அடிக்கிறது?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். அவர் காதிலும் விழுந்தது. இப்போது சொல்லுங்கள் உங்கள் சயின்ஸை.

கம்பியைத் திரும்ப மாட்டட்டுமா என்று கேட்டேன். "வேணாங்கண்ணா, இப்டியே குடுங்க" என்று ரோஸ்லின் அதை மார்போடு அணைத்து எடுத்துப் போனார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். போன மழைக்காலத்தில் அவர் கூப்பிட்டார், தோல் தளர்ந்த மாதிரி இருக்கிறது என்று. தேன்கனிக்கோட்டைக்குப் போனேன். மாதா படத்துக்குக் கீழே டிரம் இருந்தது. ஓரம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். சேர்த்த சுருதி அப்படியே இருந்தது. அவர் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தார்.

"தோலு நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றேன்.

சர்ர் என்றது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. என் பட்டறையில் நான் எவ்வளவு பேசியும் வாய் திறக்காத டிரம் அது. "அக்கா, நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன். இன்னும் பலமாகச் சீறியது.

ரோஸ்லின் வாசலில் வந்து நின்று, அன்றைக்குத் தாஸைப் பார்த்தாரே, அதே பார்வை பார்த்தார்.

"நீ என்னாடா பண்ண அவரை?" என்றார்.

அந்தோணியை நான் உயிரோடு பார்த்ததே இல்லை.