பியூலா அக்கா தியாகி அல்ல

பொத்தேரியில் ஒரு கல்லூரியின் பாட்டுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். மேடையில் ஒரு மாணவி பாடிக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் கைபேசி மூன்று முறை அதிர்ந்து நின்றது. நான்காவது முறை எடுத்துப் பார்த்தால் டேவிட் அண்ணன், பியூலா அக்காவின் கணவர். அவர் இப்படி விடாமல் கூப்பிடுகிறவர் அல்ல. அரங்குக்கு வெளியே போய்ப் பேசினேன். "சீனு, பியூலா போயிட்டாப்பா. இப்பதான்," என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முந்தின நாள் அவரே சொல்லியிருந்தார். நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மீதி மூன்று பேருக்கும் மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. மூவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருந்தேனாம். மறுநாள் அமைப்பாளர் போன் செய்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பியூலா ஞானமணியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். எட்டு வயதில் சர்ச்சின் பாடகர் குழுவில், கொயரில், சேர்ந்தார். பத்து வயதில் அடுத்த தெருவில் கர்நாடக சங்கீதம் கற்க ஆரம்பித்தார். இரண்டையும் விடவில்லை. ஒரு ராகத்தை நம் முறையில் மெல்ல எடுத்துக்கொண்டு போய், மேல் ஸ்தாயியில் சட்டென்று மேற்கத்திய முறையில் குரலை முழுக்கத் திறந்துவிடுவார். முதல் முறை கேட்கிறவர்கள் வேறு யாரோ பாடுகிறார்களா என்று மேடையைத் தேடுவார்கள். இன்று இதற்கெல்லாம் பெயர் வைத்து விழா நடத்துகிறார்கள். அன்று சபாவில் ‘சர்ச் பாட்டு’ என்றார்கள், சர்ச்சில் ‘கச்சேரி பண்றா’ என்றார்கள். அவருக்கு இருபத்தேழு வருடம் வயலின் வாசித்தவன் நான். வயதில் ஐந்து வருடம் சின்னவன் என்பதால் அவர் எனக்கு அக்கா.

குரோம்பேட்டையில் என் வீட்டு மாடியறையில்தான் ஒத்திகை. தரையிறங்கும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடித் துணிக்கொடியை உரசிக்கொண்டு போவதுபோல் போகும். நானாக இருந்தால் அந்தச் சத்தத்தில் எரிச்சல்பட்டு வில்லைக் கீழே வைத்துவிடுவேன். அக்கா ஒரு கையை மட்டும் தூக்குவார். விமானம் கடந்ததும் கையை இறக்கி, விட்ட சுரத்தில், விட்ட மூச்சில் தொடர்வார். சுருதிப் பெட்டியை நடுவில் அணைத்துவிட்டுக்கூடச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஓர் இழை பிசகியதில்லை. "என்னைச் சோதிக்கிறதுல இருக்கிற அக்கறைய உன் வில்லு மேல வை," என்பார். காதில் அத்தனை துல்லியம் உள்ளவர் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்தது புரிய அது வேண்டும்.

லண்டனிலிருந்து ஓர் இசை நிறுவனம் அவரைத் தேடி வந்தது. இரண்டு ஆல்பம், பெரிய அரங்குகளில் சுற்றுப்பயணம், வானொலி, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. அவர்களுடைய வாத்தியக் குழுவோடு பாட வேண்டும். பாடகர் மட்டும் போதும், பக்கவாத்தியம் வேண்டாம். நான் முழு மூச்சாக எதிர்த்தேன். அங்கே போனால் நம் சங்கீதம் நீர்த்துப்போகும், அவர்களுக்கு வேண்டியது ஊறுகாய் அளவுக்குக் கொஞ்சம் ராகம்தான், புகழுக்காக நம் கலையை இப்படிக் கொடுக்கலாமா என்றெல்லாம் பேசினேன். நன்றாகவே பேசினேன். கேட்டவர்கள் எல்லோரும் என் பக்கம்தான் தலையாட்டினார்கள்.

அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது ஒரு மத்தியானம். படப்பையில் ஒரு கல்யாண விருந்தில் பாடிவிட்டு இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டலூர் தாண்டி வண்டிகள் நகரவே இல்லை. பேச நேரம் நிறைய இருந்தது. "இன்னிக்கு ஆயிரம் பேரு நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பிரியாணி சாப்பிட்டாங்க," என்றார் அக்கா. "அங்க ஆயிரம் பேரு டிக்கெட் வாங்கிட்டு, வாயை மூடிக்கிட்டு உக்காந்து கேப்பாங்க. இதுல எது நம்ம சங்கீதத்துக்கு மரியாதை, நீயே சொல்லு சீனு." நியாயத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தேன். "அப்ப பேர் வாங்கணும்னு ஆசை. அதானே?" என்று குத்தினேன். அவர் துளிக்கூடக் கோபப்படவில்லை. "ஆமா, ஆசைதான். ரொம்ப ஆசை. அதை ஏன் கெட்ட வார்த்தை மாதிரி சொல்ற?" என்றார். அதன் பிறகு மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கும் போகவில்லை. என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம்.

முதல் ஆல்பம் வெளியாகும் முன் விடுமுறைக்கு வந்திருந்தார். தானும் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லி, அதை நேராக என் வீட்டுக்கே கொண்டுவந்தார். மூன்று மாதம் பேசாதவன் வீட்டுக்கு! என் மனைவி காபி கொடுத்தாள், எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் பாட்டு தோடி ராகம். தோடியின் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், ஓர் இடத்தில் நேராக நிற்காது, கீழும் மேலும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அசைவுதான் தோடி. லண்டன் ஒலிப்பதிவாளர் அதைச் சுருதி பிசகல் என்று நினைத்துவிட்டார். பாவம், அவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ‘பிட்ச் கரெக்‌ஷன்’ மென்பொருளைப் போட்டு ஒவ்வொரு அசைவையும் இஸ்திரி போட்டதுபோல் நேராக்கி வைத்திருந்தார். பின்னால் அறுபது பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள், நடுவில் தோடி செத்துக் கிடக்கிறது. என் வீட்டில் எல்லோரும் மரியாதைக்கு "சூப்பர்" என்றார்கள். அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சீனு, இது யாரு பாடறது?"

நான் சொன்னது நடந்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்கா அழுவார், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் வீட்டுத் தொலைபேசியை எடுத்து லண்டனுக்குப் போன் போட்டார். அந்த ஒலிப்பதிவாளரைக் கூப்பிடச் சொன்னார். காந்தாரத்தை அசையாமல் நேர்க்கோடாகப் பிடித்து, நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளும் அளவுக்கு நீட்டிப் பாடிக் காட்டினார். பிறகு அதையே அசைத்துப் பாடினார். நிறுத்திப் பிடிக்கத் தெரியாமல் அசைக்கவில்லை, தெரிந்தேதான் அசைக்கிறேன் என்று ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். முதல் ஆல்பத்தை மாற்ற முடியவில்லை, தட்டுகள் அச்சாகிவிட்டன. இரண்டாவது ஆல்பத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "என் காந்தாரத்துல கை வெச்சா நான் மைக் முன்னாடி நிக்க மாட்டேன்." ஒப்புக்கொண்டார்கள். அந்த இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாடுவது எங்கள் கிழக்குத் தாம்பரத்துப் பியூலாதான்.

அதை எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் வாங்கவில்லை. முதல் ஆல்பம் விற்றதில் பாதிகூட விற்கவில்லை. நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அக்கா ஊர் திரும்பினார். இன்னொரு வாய்ப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினார் என்று டேவிட் அண்ணன் பின்னால் சொன்னார். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு மிக நாகரிகமான ஒரு மறுப்பு வந்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, அவர் ஏன் திரும்பிவிட்டார் என்று கேட்டார். "உலகப் புகழ் கையில் இருந்தும் அதை உதறிவிட்டு நம் இசைக்காகத் திரும்பி வந்தவர்" என்று சொன்னேன். அக்காவின் மானத்தைக் காப்பாற்றுவதாக என் நினைப்பு. அந்த ஒரு வாக்கியம் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு எந்த மேடையில் அவரை அறிமுகம் செய்தாலும் அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல். கோவிலம்பாக்கத்தில் ஒரு குடியிருப்பின் ஆண்டு விழாவில்கூட அதைப் படித்துவிட்டுத்தான் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தப் பேட்டி வெளியான வாரம் ஒரு காலையில் அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தேன். கானத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா கூடையை இறக்கிவிட்டு அக்காவை விசாரித்துக்கொண்டிருந்தார். "இன்னா பியூலாம்மா, பாரின்ல பாடிகினு இருந்தியே, இன்னாத்துக்குத் திரும்பி வந்துட்ட?" அக்கா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடியே சொன்னார்: "வேலை போச்சு கன்னிம்மா. கம்பெனி போதும்னுட்டான்." கன்னியம்மா ஒன்றும் வருத்தப்படவில்லை. "அட, இந்தக் கம்பெனி இல்லாங்காட்டி வேற கம்பெனி இல்லியா? நல்லாக் கேட்டுப் பாரு, எங்கனா கீது," என்று மீனை எடை போட்டார். அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

கன்னியம்மா போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? அவகிட்ட உண்மையைச் சொன்னா வழி சொல்றா. உன்கிட்ட சொன்னா நீ மாலை போடற. என்னைத் தியாகி ஆக்காத சீனு. நான் எதையும் உதறல. எனக்கு வேணும்னு போனேன். மூவாயிரம் பேரு எழுந்து நின்னு கைதட்டினாங்க, அந்தச் சந்தோஷம் எனக்கு ஆயுசுக்கும் போதும். இன்னும் கிடைச்சிருந்தா இன்னும் வாங்கிக்கிட்டிருப்பேன். நீ ஆரம்பிச்ச கதை, நீயே திருத்து." திருத்துகிறேன் என்றேன். திருத்தவில்லை. அவர் அடுத்த பத்து வருடம் சிங்கப்பூர், துபாய், பாரிஸ் என்று தானே கடிதம் எழுதிக் கேட்டு, கிடைத்த மேடைகளில் எல்லாம் பாடினார். அறிமுகத்தில் மட்டும் ‘புகழை உதறியவர்’ என்று படித்தார்கள். கேட்கும்போதெல்லாம் மேடையிலிருந்தே என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார்.

அடக்க ஆராதனையில் ஆலயம் நிரம்பியிருந்தது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். கொயர் நான்கு குரலில் பாடி முடித்ததும் போதகர் பேசினார். "உலகப் புகழைத் தேடாமல், வந்த புகழையும் உதறிவிட்டு, தாழ்மையோடு திரும்பிய நம் சகோதரி" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். பெட்டிக்குள் படுத்திருப்பவர் இனி எழுந்து மறுக்க முடியாது. இந்தப் பொய்யோடு அவரை மண்ணுக்குள் அனுப்பப் போகிறோம் என்று எனக்குத் தோன்றியது. பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. டேவிட் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போனேன்.

"பாஸ்டர் சொன்ன கதை நான் கட்டினது. மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தேன். "பியூலா அக்கா எதையும் உதறல. பெரிய மேடையில பாடணும்னு அவங்களுக்கு ஆசை. தேடிப் போனாங்க. அங்கயும் தன் பாட்டைத் தன் பாட்டாவே பாடினாங்க. கம்பெனி வேண்டாம்னு சொன்னதாலதான் திரும்பி வந்தாங்க. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா அடுத்த பிளைட்ல போயிருப்பாங்க." கொயர் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். டேவிட் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். போதகரும் புன்னகைத்தார், நல்ல மனிதர்.

நம் பாடகர்கள் வெளிநாட்டுப் புகழைத் தேடிப் போகலாமா என்று இனி யார் என்னைக் கேட்டாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆசையோடு போங்கள், காந்தாரத்தை மட்டும் அடுத்தவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். கிடைக்காமல் திரும்பினாலும் தலைகுனிய ஒன்றுமில்லை. கிடைக்கவில்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு மீன் வாங்கலாம். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான், ஆசையை ஆசை என்றே சொல்லிவிடுவது. ஐம்பத்து மூன்று வயதில் அதை முதல் முறையாகச் செய்து பார்த்ததும் அன்று அந்த ஆலயத்தில்தான். பேசி முடித்து இறங்கியவன் பெட்டியருகே நின்றுவிட்டேன். மைக் இல்லை, அதனால் உங்களில் யாருக்கும் அது கேட்டிருக்காது.

"எனக்கும் லண்டன் போகணும்னு ஆசையா இருந்துச்சுக்கா. என்னை அவங்க கூப்பிடல. அவ்வளவுதான்."