இதுல தெளிவா, அதுல தெளிவா?

"இதுல தெளிவா, அதுல தெளிவா?"

கேட்டுக்கொண்டே என் அத்தான் கண்ணாடிச் சில்லை மாற்றுகிறார். நாற்காலியில் இருப்பவர், மூக்கின் மேல் கண் சோதிக்கும் கண்ணாடிச் சட்டம் கனக்க, எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துகளை உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று இழுக்கிறார். அத்தானுக்கு இந்தப் பதில் பிடிக்காது. "ஒரே மாதிரின்னு எதுவும் கிடையாதுங்க. முதல்ல என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. யோசிச்சா கண்ணு குழம்பிடும்." அந்த மனிதர் சட்டென்று "இதுதான்" என்கிறார். முடிந்தது. அடுத்த ஆள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பார்ப்பதும் அவரே, சட்டம் எடுத்துக் கொடுப்பதும் அவரே. எந்தச் சட்டம் முகத்துக்குப் பொருத்தம் என்று தெரியாமல் புருஷனும் பெண்டாட்டியும் கண்ணாடி முன்னால் தகராறு செய்தால், ஒன்றை மட்டும் மேசையில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். "கண்ணு முன்னாடி இல்லேன்னா மனசு தானா அடங்கிடும்" என்பார். அவர்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள். அவருடைய சொந்தக் கண்ணாடி அசல் சோடாப்புட்டி. குளிக்கவும் தூங்கவும்தான் கழற்றுவார். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று அவருக்குத் தெரியாது.

இப்படி ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் மனிதர், வீட்டில் இருக்கும் மூன்று கணினிகளில் எதை மீடியா சர்வர் ஆக்குவது என்று போன கோடையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பத்தின் படங்கள், வீடியோக்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கணினியில் சேர்த்து அதை ஓயாமல் ஓடவிட்டால், வீட்டில் எந்த அறையில் உள்ள டிவியிலும் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே டிவி. இதை நினைவுபடுத்தினால் அத்தானுக்குக் கோபம் வரும்.

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது பழைய பெரிய கணினி. அக்கா அதற்குப் 'பெரியப்பா' என்று பெயர் வைத்திருக்கிறாள். நன்றாக வேலை செய்வார், ஆனால் வேலை செய்கிறார் என்பது வீட்டுக்கே கேட்கும். அவர் மூச்சு விடும்போது மேலே துணி மடித்துக்கொண்டிருக்கும் அக்கா, "உங்க அண்ணன் முழிச்சிட்டாரு" என்பாள். இரண்டாவது, கீல் உடைந்த லேப்டாப். சுவரில் சாய்த்து வைத்தால்தான் திரை நிற்கும். அது 'நோயாளி'. மூடினால் தூங்கிவிடும், திறந்து வைத்தால் காய்ச்சல் வந்துவிடும். மூன்றாவது புதிதாக வாங்கியது, சோப்பு டப்பா அளவு. 'பொடியன்'. சத்தமில்லை, சூடில்லை, டிஸ்க் வைக்க உள்ளே இடமும் இல்லை. முதல் இரண்டுக்கும் இடையில் முடிவெடுக்க உதவியாக இருக்கட்டும் என்றுதான் மூன்றாவதை வாங்கினார்.

கடையை அடைத்துவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் படிக்கு அடியில் குனிவார். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறார். அதை மூன்றிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்ப்பார். பிறகு எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரே வீடியோத் துணுக்கை மூன்று கணினியிலிருந்தும் டிவியில் ஓடவிடுவார். ஏதோ ஒரு குளத்தில் வாத்து நீந்தும். "இதுல தெளிவா, அதுல தெளிவா?"

"எல்லாம் வாத்துதான்" என்பாள் அக்கா.

"அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் பவர் ஏறியிருக்கும். நாளைக்குக் கடைக்கு வா, பாத்துடலாம்."

அவர் முடிவெடுக்கவே மாட்டார் என்று சொல்வது அநியாயம். வாரத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுவார். "பொடியன்தான். முடிவு பண்ணியாச்சு" என்று அறிவித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். கையைக் கழுவிக்கொண்டு போய், அது சரிதானா என்று இணையத்தில் ஒரு தடவை பார்ப்பார். அங்கே ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவன், 'அந்தத் தப்பை மட்டும் செய்யாதே' என்று எழுதியிருப்பான். ஏன் என்று எழுதியிருக்க மாட்டான். அத்தானுக்கு அது போதும். பெண்டாட்டி சொன்னால் நூறு கேள்வி, முகம் தெரியாதவன் சொன்னால் மறுபேச்சில்லை.

இதெல்லாம் எங்களுக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, அவர் மகளுக்குத் தொலைதூரத்தில் வேலை கிடைக்கும்வரை. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும், திரும்பி வர இரண்டு வருஷமாவது ஆகும். "போறதுக்குள்ள ஒரு சாயங்காலம் நாம எல்லாரும் உக்காந்து பழைய வீடியோவெல்லாம் பாக்கணும்ப்பா. அது போதும் எனக்கு" என்றாள். அவள் பிறந்ததிலிருந்து எடுத்தவை அத்தனையும் ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் சுற்றி, அலமாரியில் வைத்திருக்கிறார்.

"தாராளமா பாக்கலாம். சர்வர் மட்டும் ரெடியாகட்டும்."

"டிஸ்க்க நேரா டிவில சொருகினா என்னப்பா?"

அத்தான் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அதெல்லாம் அவசரக்காரன் பண்ற வேலம்மா. உன் வீடியோவ நான் அப்படியா காட்டுவேன்?"

அதில் பொய் இல்லை. அவளுக்கு என்றால் சிறந்தது வேண்டும், அதனால்தான் இவ்வளவும். அந்த வாரம் முழுக்கக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தார். மகளோடு இருப்பதற்காக என்று அக்கா முதலில் நினைத்தாள். அவர் படிக்கு அடியிலேயே இருந்தார். "மத்த ரெண்டையும் எடுத்து உள்ள வைங்களேன். கடையில அப்படித்தானே பண்ணுவீங்க?" என்று அக்கா கேட்டதற்கு, "அது வேற, இது வேற" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எனக்கே எரிச்சலாக இருந்தது. பெண் ஊருக்குப் போகிறாள், இந்த மனிதர் வாத்தை நீந்த விட்டுக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் பெட்டிகள் கட்டி நின்றன. "கடைசி டெஸ்ட்தான், வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அத்தான் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்து உள்ளே போனார். பெரியப்பா இரைய ஆரம்பித்தார். அக்கா நேரே போய் அலமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்து வந்தாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்து மகள் கையில் கொடுத்தாள். அவள் அதை டிவியின் முதுகில் சொருகினாள். உடனே படம் வந்தது.

ஒரு பாய். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு குட்டிக் கால்கள். "வா, வாடா கண்ணு" என்று அக்காவின் இளம் குரல். ஒரு கை ஸ்டூலை விடுகிறது. அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரல்: "இரு, இரு. வெளிச்சம் சரியில்ல. ஜன்னல் பக்கமா நின்னு எடுக்கிறேன்." படம் தரையைக் காட்டுகிறது, சுவரைக் காட்டுகிறது, இருட்டாகிறது. இருட்டுக்குள் அக்கா சொல்கிறாள்: "நடந்துட்டா. பாத்தீங்களா, நடந்துட்டா." மறுபடி வெளிச்சம் வரும்போது, அருமையான வெளிச்சம்தான், குழந்தை பாயில் உட்கார்ந்திருக்கிறது.

பெரியப்பாவின் இரைச்சல் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தான் கூடத்து நிலைப்படியில் நிற்கிறார். மகள் காலை மடக்கிக்கொண்டு சோபாவில் இடம் விட்டாள். வந்து உட்கார்ந்தார்.

அடுத்த வீடியோ ஓடியது. பள்ளிக்கூடச் சீருடையில் அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் பச்சையாக அடித்தது, ஓரங்கள் நசுங்கியிருந்தன. அத்தானின் கை மெல்ல ரிமோட் பக்கம் நகர்ந்தது. அதைத் தொட்டது. மகள் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், "அப்பா" என்றாள், அவ்வளவுதான்.

ரிமோட்டை அவள் மடியில் வைத்தார். பிறகு சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிவியைப் பார்த்து உட்கார்ந்தார்.