கை நனைக்காமல் ஓட்டுக் கேட்டவன்

போன ஞாயிற்றுக்கிழமை, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா ஊருக்குப் போயிருந்தேன். ஒரு கிணற்றைத் திறந்து வைக்கிறார்கள், கட்டாயம் வா என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கிணற்றைத் திறப்பதாவது... அதை யார் மூடி வைத்தார்கள்? ஆனால் பஞ்சாயத்து போர்டு வந்த பிறகு, எதையும் மாலை போட்டுத் திறக்காமல் விடுவதில்லை.

அக்கா மகன் அர்த்தநாரி திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பியவன். வக்கீலுக்குப் படி என்றார்கள். வெற்றிலைத் தோட்டத்தைப் பார் என்றார்கள். அவன் பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நின்றான்.

காரணம் இருந்தது. ஊருக்குக் கிழக்கே கூலிக்காரர்கள் தெரு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்வரை அதைக் குடிப்பார்கள். வாய்க்காலை அடைத்துவிட்டால் தேங்கிய குட்டைதான். ஊர்க்கிணற்றில் அவர்கள் இறைக்கக் கூடாது. போன கோடையில் காலரா வந்து அந்தத் தெருவில் குழந்தைகள் செத்துப்போயின. அவர்களுக்கு ஒரு கிணறு — அர்த்தநாரி கேட்டது அவ்வளவுதான்.

நல்ல காரியம். ஆனால் படித்தவன் அல்லவா? கூடவே ஒரு கொள்கையும் வைத்துக்கொண்டான். ஓட்டுக் கேட்கப் போகிற வீட்டில் சாப்பிடுவதில்லை, மோர்கூடக் குடிப்பதில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் மறுத்தால் பாரபட்சம் ஆகிவிடுமாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். பெண் பார்க்கப் போனவர்கள் அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்காமல் எழுந்து வந்தால் என்ன அர்த்தம்? சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. அர்த்தநாரி வீடு வீடாகப் போய், கைகூப்பி, அதையே சொல்லிவிட்டு வந்தான்!

அந்தச் சமயம் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், ஒரு வீட்டுக்கு அவன்கூடப் போனேன். அந்த அம்மாள் சொம்பை நீட்டினாள்.

"ஒரு வாய் மோராச்சும் குடிச்சுப்போட்டுப் போ சாமி."

"வேண்டாமுங்க அத்தை. எலெக்‌ஷன் முடியட்டுமுங்க."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்கூட்டு மோரு புளிச்சுப் போச்சாக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.

அவனை எதிர்த்து நின்றவர் பழைய பிரசிடெண்ட். கிணற்றைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சாப்பிடுவதற்கு மட்டும் தாராளமாகத் திறந்தார். எந்த வீட்டுப் பணியாரத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஊர் எலெக்‌ஷனில் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஆபீசர் பெயரைப் படிப்பார். வேண்டியவர்கள் கை தூக்க வேண்டும். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு, அதனால் கிழக்குத் தெருவுக்கு அங்கே வேலையில்லை. அர்த்தநாரியின் பெயரைப் படித்தபோது அவன் அப்பா கை தூக்கினார், அப்புறம் சிநேகிதர்கள் சிலர். மற்றவர்கள் எல்லாம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

அன்று அக்காதான் அவனைப் பிடிபிடி என்று பிடித்தாள். "ஏஞ்சாமி, கை நனைக்காதவனை ஆரு ஒறவுன்னு நெனைப்பா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எலெக்‌ஷன்தான் முடிஞ்சு போச்சேம்மா... இனிச் சாப்புடலாமே?"

மறுநாளிலிருந்து வீடு வீடாகச் சாப்பிடப் போனான். தோற்றவன் தானாக வந்து உட்கார்ந்து பசிக்கிறது என்கிறான்... எந்த வீட்டு அம்மாளுக்கு மனசு இளகாது? கை கழுவும்போது ஒன்றே ஒன்று சொல்வான்: "அந்தக் கெணறு மட்டும் வேணுமுங்க." கை நனைத்தவனிடம் முடியாது என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? பெண்கள் ஆண்களை நச்சரித்தார்கள். ஆண்கள் பிரசிடெண்டை நச்சரித்தார்கள். அவரும் உண்ட வீடுகள் அல்லவா அவை? கிணறு வந்தது. கல்லில் அவர் பெயரும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசி முடித்து, கூட்டம் கலைகிற நேரம். காலராவில் மகளைப் பறிகொடுத்த கிழக்குத் தெரு ராமாயி முதல் குடத்தை இறைத்தாள். எங்கள் ஆட்கள் அந்தத் தெருக்காரர் கையால் தண்ணீர் வாங்குவது கிடையாது. அவள் குடத்தோடு எட்டவே நின்றாள்.

"எல்லாரு ஊட்டுலயும் கை நனைச்சீங்களாமுங்க சாமி..."

ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அர்த்தநாரி கிட்டே போனான். குனிந்தான். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான். ராமாயி பதறிக்கொண்டே ஊற்றினாள், அவன் குடித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? சுற்றிலும் தோள் துண்டுகளை மறுபடி சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

"போச்சு... அடுத்த எலெக்‌ஷனும் போச்சு" என்று அக்கா என் காதில் முனகினாள்.

அவன் கையை எடுக்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றான்.