மச்சாள் பேசிய மாலைகள்

என் வயிற்றின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த ஸ்கேன் கருவி ஓரிடத்தில் நின்றது. விலகிப் போனது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. திரையில் கலங்கிய கடலடியைப் போல ஏதோ அசைந்துகொண்டிருந்தது. அதுவரை என்னுடைய ஊரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த டொக்டர் கதைப்பதை நிறுத்திவிட்டார். பிறகு அவர் சொன்னவற்றில் பாதி எனக்கு மறந்துபோயிற்று. அந்த மௌனம் மறக்கவில்லை.

எனக்கு அப்போது ஐந்து மாதம். முதல் பிள்ளை. கழுத்தின் பின்புறம் தடித்திருக்கிறது, இதயத்தில் ஒரு துவாரம் இருப்பதுபோலத் தெரிகிறது, பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். உறுதியாக அறிய வேண்டுமென்றால் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்குச் சென்னைக்குப் போவது நல்லது என்றார். திரும்பி வரும்போது, வெள்ளவத்தையில் இறங்க வேண்டிய நாங்கள் இருவரும் இருக்கையை விட்டு எழும்பவில்லை. பஸ் தெஹிவளையைத் தாண்டிய பிறகுதான் கணவர் மணியை அடித்தார்.

எங்கள் வீட்டில் கணவரின் அக்காவும் இருந்தார். என்னுடைய மச்சாள். மணம் முடிக்காதவர். கொட்டாஞ்சேனையில் ஒரு வியாபார நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளர் வேலை. பகல் முழுவதும் பிறருடைய குரல்களைப் பிறருக்கு இணைத்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் பேசவே மாட்டார். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் எனக்குப் பயம். இந்தச் செய்தியை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கணவரைக் கேட்டுக்கொண்டேன். வந்த பெட்டையில்தான் பிழை என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

ஆனால் சாப்பிடாமல் கிடப்பவளை எவ்வளவு காலம் மறைக்க முடியும்? ஒரு மாலை, வேலையால் வந்து மாற்றாத சேலையோடே என் கட்டிலருகில் வந்து நின்றார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"இப்ப உதைக்குதோ?"

"ஓம் மச்சாள்."

"அப்ப அதுக்குப் பசிக்குமெல்லே. எழும்பிச் சாப்பிடும்."

இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, நான் கடைசி வாய் விழுங்கும்வரை அருகிலேயே இருந்தார். பிறகு, "வாரும், கடற்கரைக்குப் போவம்" என்றார்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம். அதைக் கடந்தால் பாறைகளும் கடலும். அன்றிலிருந்து அநேகமாக ஒவ்வொரு மாலையும் போனோம். அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. மச்சாள் பேசத் தொடங்கினார். என்னோடு அல்ல, வயிற்றிலிருந்த பிள்ளையோடு. "இதுதான் கடல். இண்டைக்குக் கொஞ்சம் கோவமா இருக்கு. அந்தா கல்கிசைக்குப் போற ட்ரெயின், சனம் தொங்கிக்கொண்டு போகுது. அங்கை ஒராள் கடலை விக்கிறார், உங்கட அம்மாவுக்கு வாங்கிக் குடுக்கட்டோ?" குரல் தொலைபேசியில் வரும் குரலைப் போலத் தெளிவாகவும் தாழ்வாகவும் இருக்கும். வெயில் தண்ணீருக்குள் இறங்கி உருகும். எனக்கு அரைத்தூக்கம் போல வரும். பிள்ளை உள்ளே புரளும். நாட்டில் சண்டை நடக்கிறதென்பதும் டொக்டரின் முகமும் எங்கோ தொலைவில் போய் நிற்கும்.

ஒருநாள் தண்டவாளக் காவலில் நின்ற இளம் சிப்பாய் ஒருவன் எங்கள் அடையாள அட்டைகளைக் கேட்டான். பார்த்துவிட்டும் திருப்பித் தரவில்லை. மச்சாளைச் சந்தேகமாகப் பார்த்து, யாரோடு கதைக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

"பபாட்ட," என்றார் மச்சாள். குழந்தையோடு.

"கோ பபா?" எங்கே குழந்தை என்று பாறைகளுக்கிடையில் தேடினான். மச்சாள் என் வயிற்றைக் காட்டினார். அவனுடைய முகம் சிவந்துவிட்டது. அட்டைகளை இரண்டு கைகளாலும் நீட்டினான். மீசை அரும்பாத முகம். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு என்னுடையதுதானா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

கணவர் சென்னைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அங்கே தெரிந்துகொண்டால் அங்கேயே முடிவெடுத்துவிடலாம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு சாப்பாட்டு வேளையில் மச்சாள் கேட்டார்: "தெரிஞ்சு என்ன செய்யப்போறாய், தம்பி?"

"எனக்குப் பயமா இருக்கக்கா," என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"எனக்கும் பயம்தான். ஆனா நாங்கள் ரெண்டு பேரும் சொல்லக்கூடாது. அவ சொல்லட்டும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளை அசைந்துகொண்டிருந்தது. "நான் போகேல்லை," என்றேன். சொன்ன பிறகுதான் அது என்னுடைய முடிவு என்று எனக்குத் தெரிந்தது.

மச்சாளின் பயம் உண்மையென்பதை அடுத்த மாதம் கண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, சாமான் வாங்கப் போன வழியில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். அசல் சைவக்காரியான மச்சாள் அந்தச் சனத்துக்குள் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் காணுமுன் வந்துவிட்டேன். மாலையில் வழக்கம்போல, "இண்டைக்குக் கடல் நீலமா இருக்கு" என்று பிள்ளைக்குச் சொன்னார்.

மகள் மழைநாளில் பிறந்தாள். டொக்டர் சந்தேகப்பட்ட இரண்டும் உண்மையாக இருந்தன. சரிந்த சிறு கண்கள், மெல்லிய அழுகை, இதயத்தில் துவாரம். தாதி கொண்டுவந்து காட்டியபோது என்னால் கை நீட்ட முடியவில்லை. மச்சாள்தான் வாங்கி, "வந்திட்டீங்களோ?" என்றார். அழுகை சட்டென்று நின்றது. அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்திருந்தது. தலையை மெல்லத் திருப்பி அவர் பக்கம் பார்த்தாள். அதைக் கண்டதும் என் கைகள் தாமாக நீண்டன.

இரண்டு வயதில் இதயத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பேச்சு மிகவும் பிந்தி வந்தது. சண்டை முடிந்தது. மச்சாளும் காலமாகிவிட்டார். மகளுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. மச்சாள் இருந்த பிரம்பு நாற்காலியில் அவள் எவரையும் இருக்க விடுவதில்லை, தகப்பனைக்கூட.

போன கிழமை, தெரிந்தவர்கள் சொல்லி ஒரு இளம்பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆறு மாத வயிறு. ஸ்கேன் படம் கையில் கசங்கியிருந்தது. வாசலில் நின்றபடியே அதை என்னிடம் நீட்டினாள். மகள் உள்ளிருந்து வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து அழைத்துப்போய், அந்தப் பிரம்பு நாற்காலியில் இருத்தினாள்.