முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிக்கொண்ட காரியம் நடப்பதற்கு முன்பே, நடந்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லிவிடுவோம். அதற்கு விசுவாசம் என்று பெயர். மகன் இண்டர்வியூவுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறே, "வேலை கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லியாகிவிடும். கிடைக்காவிட்டால் அதைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டோம். வீட்டு விஷயம் வரைக்கும் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கவுன்சிலர் தேர்தலில்தான் வகையாக மாட்டிக்கொண்டோம்.

திருவண்ணாமலையில் நாங்கள் ஒரு கைப்பிடி ஜனம். பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்தில் எங்கள் சபையைக் கொண்டுபோய்க் கொட்டினால் அடையாளமே தெரியாது. எங்கள் கல்லறைத் தோட்டம் வேங்கிக்கால் பக்கம் இருக்கிறது. அதை ஒட்டி மனை போட்டவர்கள் வேலியை இழுத்து, வண்டி போகிற வழியை அடைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது வயல் வரப்புதான். மழைக்காலத்தில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் வழுக்கி வழுக்கிப் போவோம்.

இதில் ரொம்ப அடிபட்டவர் டிரைவர் அண்ணன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், இரண்டு முட்டியும் போய்விட்டது. மனைவியை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாமந்திப்பூ வாங்கிக்கொண்டு நேரே அங்கே போவார். வேலி வந்த பிறகு வரப்பில் கால் வைக்க முடியவில்லை. பழக்கத்தில் பூவை மட்டும் வாங்கிவிட்டு சர்ச் படியில் உட்கார்ந்திருப்பார்.

"அங்க போய் செத்த நேரம் ஒக்காந்துட்டு வந்தாத்தாம்மா எனக்கு அந்த வாரம் ஓடும்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

தேர்தல் வந்தது. வேட்பாளர்களில் ஒருவர் எங்கள் போதகரைப் பார்த்து, ஜெயித்தால் முதல் வேலை கல்லறைக்கு ரோடு என்றார். அவரை ஞாயிறன்று மேடையேற்றுவதா என்று கமிட்டி கூடியது. எனக்கு வாய் ஜாஸ்தி என்பது சபைக்கே தெரியும். தெரிந்தும் என்னைக் கமிட்டியில் போட்டது அவர்கள் தலையெழுத்து.

"ஐயா, அவருக்காக ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. உங்க வீட்ல பண்ணுங்க. பீடத்துல ஏத்தாதீங்க," என்றேன்.

"சுலபமா சொல்லிட்டீங்க சிஸ்டர். பெட்டியத் தூக்கிக்கினு சேத்துல விழறது நாமதான? நாம கம்மி ஜனம். யாரையாச்சும் புடிச்சாத்தான் காரியம் நடக்கும்," என்றார் போதகர்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஞாயிறன்று வேட்பாளர் வந்தார். கோயிலில் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார், அடுத்து மசூதிக்குப் போகவேண்டுமாம், ஒரே அவசரம். விபூதியில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. நெற்றி அவருடையது. பீடம்தான் எங்களுடையது. போதகர் சால்வை போர்த்தி, தலைமேல் கை வைத்து, பழக்க தோஷத்தில், "எங்கள் சகோதரருக்கு வெற்றி கொடுத்துவிட்டீரே, ஸ்தோத்திரம்!" என்று முழங்கினார். சபை அல்லேலூயா சொன்னது. ஓட்டுப்பதிவே இன்னும் நடக்கவில்லை. ஆராதனை யூடியூபில் லைவாகப் போய்க்கொண்டிருந்தது.

மனுஷன் தோற்றார். டெபாசிட்டும் போயிற்று.

ஜெயித்தவரைப் பார்க்கக் கமிட்டியாகப் போனோம். நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"ஃபோன்ல பாத்தேங்க உங்க ஜெபத்த. கணீர்னு இருந்துச்சி. எனக்கும் அதே மாதிரி ஒருதரம் பண்ணுங்களேன். ரோடு என்னங்க பெரிய ரோடு, போட்டுடலாம்," என்றார்.

போதகர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

பண்ணினோம். அதே பீடம், அதே லைவ், சால்வை மட்டும் புதிது. போதகர் ஜெபத்தில் சொன்னபடி, இவர்தான் வருவார் என்று ஆண்டவர் முன்னமே குறித்து வைத்திருந்தாராம். எங்கள் சபை மொத்தமும் ஒருமனதாய் இவர் பின்னால் நிற்கிறதாம். அடேயப்பா, ஆண்டவரும் கட்சி மாறிவிட்டாரே என்று நினைத்தேன். அதைச் சத்தமாகவே கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். முன் பெஞ்சிலிருந்து டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

ரோடு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சிமெண்ட் ரோடு. கூடவே கல்லறை வாசலில் கட்சி நிறத்தில் ஒரு வளைவும், உச்சியில் கொடியும், கவுன்சிலர் சிரிக்கிற படமும் வந்தன.

அந்த ஞாயிறு ஆட்டோவில் டிரைவர் அண்ணனைக் கூட்டிப்போனேன். வளைவுக்கு முன்னால் இறங்கியவர் நகரவில்லை.

"அவளுக்கு இந்தக் கட்சின்னாலே ஆவாதும்மா. எங்க வாசல்ல இந்தக் கொடிய நட வந்தவங்கள வெளக்கமாத்த எடுத்துக்கினு தொரத்தினவ," என்றார்.

"நான் போய் சண்ட போடறேண்ணா. இத எடுக்கச் சொல்றேன்."

"போட்டா ரோட்டயும் பேத்துடுவாங்க. வுடும்மா."

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். கல்லறைமேல் வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கினார். பூவை வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போதகர்மேலா, கவுன்சிலர்மேலா, எங்கள் எல்லார்மேலுமா, தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். அவர் அவளிடம் பேசினது அப்படியும் காதில் விழுந்தது.

"கோச்சிக்காதடி. சபை மொத்தமும்னு போதகர் சொன்னப்ப உன்னையும் சேத்துத்தான் சொன்னாரு. எனக்கு உங்கிட்ட வர வழி வேணும்னு, நான் வாயத் தொறக்கல."