வாய் சுடாத டார்ச்

சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு சாலிடரிங் இரும்பு, எப்போதும் சுழலும் ஒரு மின்விசிறி. டார்ச்சக்காவின் கடை அவ்வளவுதான். காவலாளி, மீட்டர் பார்ப்பவர், தொட்டி கழுவுபவர் என்று இருட்டில் வேலை உள்ளவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். டார்ச்சைச் சரிசெய்து கொடுப்பாள், கெடுத்ததற்குத் திட்டும் கொடுப்பாள். திட்டுக்குத் தனிக் கூலி கிடையாது.

அவளுடைய ஒரே தம்பி லிஃப்ட் மெக்கானிக். அம்மா போன பிறகு அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் அவள்தான். அவனுக்கே இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பொத்துவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்பவர்களுக்கு இரண்டு கை போதாது. டார்ச்சின் பின்முனையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பவர் கூடிய எல்.இ.டி. டார்ச் வந்ததும் வெளிச்சத்தோடு உடலெல்லாம் சூடும் சேர்ந்து வந்தது. ஒருநாள் தம்பி உதட்டில் கொப்புளத்தோடு வந்து நின்றான்.

"வாயில வச்சா சுடுதுக்கா."

"பல்லு விளக்குற பிரஷ்ஷா அது, வாயில வைக்க?" என்று கேட்டாளே தவிர, அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. உடனே டார்ச்சைப் பிரித்தாள். தலைக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் வளையம் போட்டாள். எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தை அளந்து விடுகிற வட்டப் பலகைக்கு டிரைவர் என்று பெயர். உடலுக்குள் இருந்த அதையும் எடுத்து, எல்.இ.டி.யின் முதுகோடு ஒட்டித் தலைக்குள் திணித்தாள். சூடு எல்லாம் தலையிலேயே நின்றது. பின்முனை குளுகுளுவென்று இருந்தது. மேசைமேல் வெகுநேரம் எரியவிட்டுப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை.

இத்தனைக்கும், "கை சுடுதுன்னு புகார் சொல்லாதீங்க. சூடு வெளிய வருதேன்னு சந்தோஷப்படுங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள். ஆனால் கொப்புளம் தம்பியின் உதட்டில் அல்லவா இருந்தது. பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி டார்ச்சைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"கீழ விழுந்துடுச்சு. என்னன்னு பாரு."

வெளியே ஒரு கீறல்கூட இல்லை. திறந்தாள். டிரைவர் கருகிப் பழுப்பேறியிருந்தது, கம்பியைப் பிடித்திருந்த ஈயப்பற்று உருகிக் கழன்றிருந்தது.

"எங்க இருக்கும்போது அணைஞ்சுது?"

முதலில் மழுப்பினான். அவள் விடவில்லை.

"கூண்டு மேலதான். எந்தப் பக்கம் காலை வைக்கிறதுன்னு தெரியல. கீழ நின்ன ஹெல்பர் மேல வந்து கதவைத் திறக்குற வரைக்கும் அப்படியே நின்னேன். அவ்ளோதான், ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அன்றிலிருந்து காய்ச்சல் என்று சொல்லி வேலைக்கே போகாமல் இருக்கிறான் என்று தம்பி மனைவி போனில் சொன்னாள். டார்ச்சுக்கு வேறு டிரைவர் மாற்றிவிடலாம். இவனைத் திரும்பக் கூண்டுமேல் ஏற்றுவது எப்படி?

ரப்பரைப் பிடுங்கி எறிந்தாள். எல்.இ.டி.யின் செம்பு அடியில் சூடு கடத்தும் பசை தடவி உலோகத்தோடு இறுக்கினாள். புது டிரைவரைத் தள்ளி, உடலின் சுவரைத் தொட்டபடி வைத்தாள். சூடு மிஞ்சினால் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ரகம் அது. பல்லுக்கு வேலை வைக்காமல், ஹெல்மெட்டில் மாட்ட ஒரு கவ்வியும் செய்தாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, அவன் வேலை நடக்கும் கட்டடத்துக்கு அவனோடு கிளம்பினாள்.

"யாருப்பா இது?" என்று கட்டடத்துக் காவலாளி கேட்டார்.

"எங்க அக்கா. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

திறந்திருந்த லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். தம்பி உள்ளே கூண்டுமேல் இறங்கினான். கொஞ்ச நேரம் ஸ்பேனர் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது.

"வெளிச்சம் குறையுதுக்கா."

"வெளிய வந்துரு. ஆறட்டும்."

எப்போதும் இதோ முடிச்சிடறேன் என்று சொல்லி இழுப்பவன், இன்று மறுபேச்சில்லாமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பயமா இருக்குக்கா" என்றான். "அன்னைக்கும் பயந்துட்டேன். உங்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டியேன்னுதான் சொல்லல."

ஒண்ணும் ஆகாதுடா என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "சொல்லு" என்றாள். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை.